பட்டியலில் ஆறு பேர்

அண்ணன் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்து, ஆல்பமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு நாள் குறித்த கதை மட்டும் எனக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்ணும் சீனப் பையனும் கட்டிக்கொள்வது இன்றைக்கு யாரும் வாயைப் பிளக்கும் செய்தி இல்லை. சாப்பாடு, சேலை, காலையில் கோயில், மதியம் தேநீர்ச் சடங்கு என்று எல்லாவற்றிலும் இரண்டு வீடும் சுலபமாக ஒத்துப்போனது. முட்டிக்கொண்டது நாளில்தான். நாள் பார்ப்பதில் நம்மைவிடக் கறாரான ஒரு கூட்டம் இதே ஊரில், நம் கண் முன்னாலேயே இருக்கிறது என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கு ஜாதகத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. அதற்காக ராகு காலத்தில் வேண்டுமென்றே கிளம்பி வீரம் காட்டுகிற ஆளும் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட அரைகுறை ஹொக்கியன், இங்கத்துச் சீனர்களின் ஒரு பேச்சுமொழி, எனக்கு உண்டு. அந்த ஒரே தகுதியில் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பஞ்சாங்கமும் மோதுகிற இடத்தில் எனக்கு முன்வரிசை கிடைத்தது அப்படித்தான்.

பேச்சு 2023 நடுவில் தொடங்கியது. மாப்பிள்ளையின் பாட்டி முதலிலேயே ஒரு கோடு போட்டுவிட்டார். அடுத்த சீன ஆண்டுக்குள் கல்யாணத்தைத் தள்ளக் கூடாது. 2024 பிப்ரவரி 10 அன்று பிறக்கவிருந்த டிராகன் ஆண்டில் வசந்தம் கிடையாது என்றார். அது எப்படி ஒரு ஆண்டில் வசந்தம் இல்லாமல் போகும்? சீன நாட்காட்டியில் இரண்டு கணக்கு கூடவே ஓடுகிறது. மாதம் அமாவாசையில் பிறக்கிறது. ஆனால் சூரியனை வைத்து ஆண்டை 24 பருவங்களாக வெட்டிய கணக்கு தனியாக இருக்கிறது. அதில் வசந்தம் பிறக்கும் நாள், லிச்சுன், எப்போதும் பிப்ரவரி 4ஐ ஒட்டியே வரும். டிராகன் ஆண்டு 2024இல் அந்த நாள் கழிந்த பிறகு பிறந்து, 2025 ஜனவரி 28இல், அடுத்த லிச்சுன் வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆண்டை விதவை ஆண்டு என்பார்கள். அதற்கு முந்தைய முயல் ஆண்டிலோ லிச்சுன் இரண்டு முறை வந்தது. நம் அதிக மாதத்தைப் போல அந்த ஆண்டில் ஒரு மாதம் கூடுதல். பாட்டிக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருந்தது.

இது பாட்டிகளின் பேச்சு மட்டும் என்று ஒதுக்கவும் முடியவில்லை. சீனாவில் 2023இல் சுமார் 76.8 லட்சம் திருமணங்கள் பதிவாயின. 2024இல் அது 61 லட்சத்துக்கு இறங்கியது. வேலை, வீட்டு விலை, இளைஞர்கள் எண்ணிக்கை குறைவது என்று அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வசந்தம் இல்லாத ஆண்டின் பங்கு அதில் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஆண்டு நெடுக அந்தப் பேச்சு அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கழித்தது போக மிச்சம்

நம் பக்கம் ஆடி, புரட்டாசி, மார்கழி கூடாது. அவர்கள் பக்கம் ஏழாம் மாதம், பேய் மாதம், கூடாது. அது அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 14 வரை. ஆடி முடிகிற இடத்தில் பேய் மாதம் கையைப் பிடித்துக்கொண்டது, அது விட்ட இடத்தில் புரட்டாசி. ஐப்பசியில் தீபாவளி நெரிசல். ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்க வேண்டும் என்றபோது கார்த்திகையும் தையில் முதல் சில வாரங்களும்தான் கையில் நின்றன.

எங்கள் ஜோசியர் முதலில் எழுதிக்கொடுத்தது நவம்பர் 19. வளர்பிறை சப்தமி, திருவோணம், ஞாயிறு. பெண், மாப்பிள்ளை நட்சத்திரத்துக்குத் தாராபலம் நன்றாக இருக்கிறது என்றார். அண்ணனுக்கு ஏக சந்தோஷம். அந்தத் துண்டுச் சீட்டோடு வாட்டர்லூ ஸ்ட்ரீட் பக்கம் போனோம். குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கிற, சீனர்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போகிற அதே தெருதான். பக்கத்தில் ஒரு பழைய கடைத்தொகுதி. அதன் மாடியில் மாப்பிள்ளை வீட்டார் வழக்கமாகப் பார்க்கும் சிஃபு, அதாவது சீன ஜோசியர், உட்கார்ந்திருந்தார். மேசையில் சிவப்பு அட்டை போட்ட தோங் ஷு என்ற சீனப் பஞ்சாங்கம், பக்கத்தில் ஒரு ஐபேட், ஒரு கண்ணாடிப் போத்தல் நிறைய தேநீர்.

சீட்டைப் பார்த்தவர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. ‘இது உடைக்கும் நாள்’ என்று திருப்பித் தந்துவிட்டார். கணக்கு இப்படி: நாள்களுக்கு 12 விலங்குகள் மாறி மாறி வரும். மாதத்துக்கும் ஒரு விலங்கு உண்டு. நவம்பர் 8இல் தொடங்கியது பன்றி மாதம். 12 விலங்கையும் வட்டமாக நிற்க வைத்தால் பன்றிக்கு நேர் எதிரே நிற்பது பாம்பு. நவம்பர் 19 பாம்பு நாள். மாதத்தை எதிர்த்து நிற்கும் நாளில் வீட்டை இடிக்கலாம், பழைய சுவரைத் தட்டலாம். கல்யாணம் செய்யக் கூடாது. எங்கள் முதல் தரமான நாள் அவர்களுக்கு இடிக்கிற நாள்.

பதிலுக்கு அவர் சொன்னது டிசம்பர் 3. அது ஆட்டு நாள். அதே பன்றி மாதத்தில் அதற்கு ‘செங்’ என்று பெயர், எடுத்த காரியம் நிறைவேறும் நாள். அண்ணன் அங்கேயே போனில் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தேய்பிறை சஷ்டி, ஆயில்யம். அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து, நான் ஹொக்கியனுக்கு மாற்றுவதற்கு முன்பே சிஃபுவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பஞ்சாங்கமும் ஒன்றை ஒன்று இவ்வளவு துல்லியமாக வெட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

உடைக்கும் நாள், நிறைவேறும் நாள் என்று போகும் இந்த 12 நாள் வரிசை யாரோ நேற்றுக் கட்டிவிட்ட கதை இல்லை. 1975இல் ஹூபெய் மாநிலத்தில் ஷுய்ஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217 வாக்கில் அடக்கமான, சின் அரசின் ஒரு சாதாரண அதிகாரியுடையது. சவத்தைச் சுற்றி மூங்கில் சுவடிகள். சட்டக் குறிப்புகளோடு கூடவே நாள் பார்க்கும் சுவடியும் இருந்தது. எழுப்பும் நாள், நீக்கும் நாள், உடைக்கும் நாள் என்று இந்த வரிசை அதிலேயே இருக்கிறது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி ஓர் ஆள், செத்த பிறகும் பக்கத்தில் காலண்டரை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கடிகாரமா, சூரியனா

தோங் ஷுவில் அச்சாகியிருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான நாள். அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கி யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சிஃபுவிடம் போவது அதற்கு அடுத்த படிக்காக. பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் என்ற நான்குக்கும் இரண்டிரண்டு எழுத்து, ஆக எட்டு எழுத்து. அதுதான் பா சி, அவர்களுடைய ஜாதகம். பொதுவாக நல்ல நாளாக இருப்பதை இந்த எட்டெழுத்தோடு வைத்துப் பார்த்து, இந்த ஆளுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வதுதான் அவர் தொழில்.

அண்ணன் மகள் 1994இல் பிறந்தவள். நாய் வருடம். மதியம் 1.10 என்று ஆஸ்பத்திரியில் எழுதிய நேரத்தை அண்ணி சொன்னார். சிஃபு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘இது கடிகார நேரம். சூரியன் நேரம் வேறு’ என்றார். அவர்கள் நாளை இரண்டு இரண்டு மணியாக 12 கூறு போடுகிறார்கள். 11 முதல் 1 வரை குதிரை வேளை, அதன் நட்டநடுவில் சூரியன் உச்சிக்கு வர வேண்டும். 1 முதல் 3 ஆட்டு வேளை. ஆனால் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12க்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. இந்த ஊர் இருக்கிற தீர்க்கரேகைக்கு நியாயமான நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணிக்கு மேல் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆனபோது நாமும் கூடவே அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டோம். அதற்கு முன்பும் கடிகாரம் சூரியனை மதித்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம்கூட இங்கே ஓடியிருக்கிறது. சிஃபு இந்த மாற்றங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். ஆக, கடிகாரப்படி பார்த்தால் எங்கள் பெண் ஆட்டு வேளை. சூரியன்படி பார்த்தால் குதிரை வேளை. எட்டில் இரண்டு எழுத்து மாறிவிடும்.

நம் ஜாதகத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டுத்தான் லக்னமே கணிக்கிறோம். அவர்களிடத்தில் இதில் இரண்டு கட்சி. ஒரு சாரார் கடிகாரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள், இன்னொரு சாரார் சூரியனுக்குத் திருத்துகிறார்கள். எங்கள் சிஃபு சூரியன் கட்சி, ஆனால் சாமர்த்தியசாலி. பெண் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவர் கடைசியில் குறித்துக்கொடுத்தது பகல் 12.30 முதல் 1 மணிக்குள். கடிகாரப்படியும் அது குதிரை வேளை, சூரியன்படியும் குதிரை வேளை. எந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும் குறை சொல்ல முடியாது.

எட்டு ராசி எண் என்பதால் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்குத் தொடங்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. எண் மோகமும் நாள் பார்ப்பதும் ஒன்று என்று நானும்தான் நினைத்திருந்தேன். இந்தக் கணக்கு கொஞ்சம் பிடிபட்ட பிறகு அந்த நாளைப் போட்டுப் பார்த்தேன். அது டிராகன் நாள், அதுவும் ‘செங்’, நிறைவேறும் நாள். பிரமாதம். ஆனால் இரவு 7 முதல் 9 வரை நாய் வேளை. டிராகனுக்கு நேர் எதிரி நாய். நாளோடு மோதுகிற வேளையைத் தேடிப் பிடித்து ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் சிஃபுவிடம் போயிருந்தால் நிச்சயம் மாற்றச் சொல்லியிருப்பார்.

அந்தத் தொலைபேசி அழைப்பு

இரண்டு நாளும் அடிபட்ட பிறகு தைக்குப் போனோம். எங்கள் ஜோசியர் 2024 ஜனவரி 21 என்றார். ஞாயிறு, வளர்பிறை ஏகாதசி, ரோகிணி. இதைவிட ஒரு கல்யாண நாள் கிடைக்குமா என்று அண்ணன் எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்துவிட்டார். கோயிலிலும் மண்டபம் காலியாக இருந்தது. சிஃபு பக்கம் உடைக்கும் நாள் எதுவும் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். ‘அந்த நாள் வேண்டாம். அது குரங்கு நாள். நீங்கள் 1962, புலி. குரங்கு புலியோடு மோதும். பெண்ணுக்கும் பையனுக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் உங்களுக்கு நல்லதில்லை. நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம்’ என்றார். அண்ணன் பரவாயில்லை என்று இரண்டு முறை சொன்னார். அந்த அம்மா கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ‘நம்ம ஜோசியர் என்னைப் பத்திக் கேட்கவே இல்லையேடா’ என்றார்.

நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்தைத்தான். சிஃபு முதல் நாளே ஆறு பேருடைய பிறப்பு விவரத்தைக் கேட்டிருந்தார். பெண், மாப்பிள்ளை, இரண்டு பக்கத்து அப்பா அம்மாக்கள். பெற்றோருக்கு வருடம் போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். எங்கள் ஜோசியர் கேட்டது இரண்டே பேர். நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. யாருக்கு என்று சந்திராஷ்டமம் என்று தினசரிக் காலண்டரிலேயே அச்சடித்துத் தொங்குகிறது. அண்ணன் ராசிக்கு ஜனவரி 21இல் அப்படி எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். கேட்கவில்லை என்பதுதான் அவரைத் தைத்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அன்றைக்கு அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை. முன்பின் பழகாத ஒரு வீட்டில் யோசித்திருக்கிறார்கள். அதுவும் நமக்குப் பிடித்த நாளை, நமக்காகவே வேண்டாம் என்கிறார்கள்.

மோதல் என்பதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. குரங்கு நாளில் தாரை வார்த்துக்கொடுத்திருந்தால் அண்ணனுக்கு ஒரு தலைவலிகூட வந்திருக்காது. ஆனால் நாள் பார்ப்பது என்பது எதிர்காலத்தை எட்டிப் பார்க்கிற வேலை என்று நான் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தக் காரியத்தில் யார் யாரைக் கணக்கில் வைக்கிறோம் என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது என்று தோன்றியது. ஒருவருக்குக் குறித்த நாள் அவரோடு நிற்காது, வீட்டில் இருக்கிறவர்களையும் தொடும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அதற்கு ஒரு கொடூரமான பக்கமும் உண்டு. 1658இல் சிங் வம்சத்து ஷுன்ஷி பேரரசரின் கைக்குழந்தை இறந்தது. 1660இல் குழந்தையின் தாயும், 1661இல் பேரரசரும் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தையை அடக்கம் செய்யத் தப்பான நேரம் குறித்ததுதான் அடுத்தடுத்த சாவுகளுக்குக் காரணம் என்று 1664இல் ஒருவர் வழக்குக் கொண்டுவந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் வான நூல் அலுவலகத்துக்குத் தலைமை வகித்த ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷால். அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பெய்ஜிங்கில் நிலம் நடுங்கவே அவர் தப்பினார். கூட வேலை பார்த்த ஐந்து சீன வானியலாளர்கள் தப்பவில்லை, 1665இல் தலை போனது. நாள் குறிப்பவர் பிழைப்பு அப்படியும் இருந்திருக்கிறது.

கடைசியில் ஜனவரி 28. ஞாயிறு, மகம், தேய்பிறை திருதியை. பஞ்சமி வரைக்கும் பரவாயில்லை என்று எங்கள் ஜோசியர் இறங்கி வந்தார். சிஃபு கணக்கில் அது முயல் நாள். நாய்க்கு முயல் சிநேகம், பன்றிக்கும் சிநேகம். பெண் நாய், மாப்பிள்ளை பன்றி. வசந்தமில்லாத ஆண்டு பிறக்க இன்னும் 13 நாள் இருந்ததில் பாட்டிக்கும் திருப்தி. ஆறு பேரில் யாரோடும் மோதவில்லை.

முயலுக்கு எதிரே நிற்பது சேவல். நான் 1969, சேவல்.

சிஃபு எழுதிக்கொடுத்த சிவப்புத் தாளில் கீழே ஒரு வரி இருந்தது. பெண் வாசற்படி தாண்டும் நேரத்தில் சேவல் வருடத்துக்காரர்கள் எதிரே நிற்க வேண்டாம். அதைத் தமிழில் அண்ணனுக்குச் சொன்னது நான்தான். அண்ணன் சங்கடப்பட்டு, மறுபடி கேட்டுப் பார்ப்போமா என்றார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைத் தேட அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை. எனக்கும் இல்லை. பட்டியலை எங்கேயாவது முடித்தாக வேண்டும். அவர்கள் அப்பா அம்மாவோடு முடித்துக்கொண்டார்கள், சித்தப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம்.

கல்யாணத்தன்று காலை கோயிலில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. அங்கே சேவல், குரங்கு பேச்சே கிடையாது. மதியம் மாப்பிள்ளை வீட்டு புளோக்குக்கு வந்ததும் நானாகவே கீழே காப்பிக்கடைக்குப் போய்விட்டேன். அங்கே மாப்பிள்ளையின் பெரிய அத்தை ஏற்கெனவே உட்கார்ந்து கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். 1957, அவரும் சேவல். இந்த மாதிரி நேரங்களில் கீழே வந்து உட்காருவது அவருக்குப் புதிதில்லை போல. எனக்கும் ஒரு கோப்பி சொன்னார்.

அவரிடம் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். எங்களில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நகராது. மாலை எடுத்துக் கொடுக்க, மெட்டி போட, எல்லாவற்றுக்கும் அவர் முன்னால் நின்றாக வேண்டும். சேவலாகப் பிறந்தது நானாக இருந்ததால் போயிற்று, அண்ணியின் தம்பியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டேன். அவர் அதை ஒரு பெரிய சிக்கலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ‘அப்படியானால் சிஃபுவிடம் ஏழு பேர் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கென்ன, எத்தனை பேர் சொன்னாலும் பார்த்துத் தருவார். சிவப்பு உறையில் அங்பாவ் பணம் மட்டும் கொஞ்சம் கூடப் போடணும்.’